கையால் செய்த ஒரு கிட்டாரும் ஊர் கேட்ட கேள்விகளும்



போன வாரம் மகன் ஒரு கறுப்புக் கிட்டாருடன் நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். "வீட்டில் செய்தது" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதன் பிறகு பள்ளிவாசல் முற்றத்திலும் ஆசிரியர் அறையிலும் மீன் சந்தையிலும் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, எலக்ட்ரிக் கிட்டாரை எப்படி வீட்டில் செய்வது? இரண்டு, "சேர், நீங்களுமா?" மூன்று, ஓ/எல் எழுதின பிள்ளையை இதிலயா விட்டு வச்சிருக்கீங்க? ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் போதவில்லை. ஆகவே ஒரே இடத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மூன்றாவது கேள்வியின் பின்னணியைச் சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரைக்கும் நம் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. வசதியுள்ள பிள்ளை உயர்தர டியூசனுக்குப் போகிறது. மற்றப் பிள்ளை போனுக்குள் போகிறது. என் மகன் பரீட்சை முடிந்த நாளிலிருந்து ஆட்களைக் கண்டால் ஒதுங்கத் தொடங்கினான். பள்ளிக்கு வருவான், கடைசி வரிசையில் தொழுவான், ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியேறுவான். "எப்படிச் செய்தாய்? எத்தனை ஏ வரும்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். விஞ்ஞான ஆசிரியரின் மகன் என்பது அவன் தலையில் ஒரு மேலதிகச் சுமை. கணிதம் அவனுக்கு வராது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் கை வேலை அவனுக்கு வரும். ஐந்து வயதில் மின்விசிறியின் கதவைக் கழற்றி வைத்திருந்தவன். வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றால் மனைவி என்னைக் கூப்பிடுவதில்லை, அவனைத்தான் கூப்பிடுவார்.

கட்டாரில் வேலை செய்யும் மச்சான் லீவில் வரும்போது "மருமகனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். அவன் கேட்டது கிட்டார் கிட். செய்து முடித்த கிட்டார் அல்ல, பகுதி பகுதியாகப் பெட்டியில் வருவது. 100 டொலருக்குள் கிடைக்கும் வகை, நம் காசுக்கு 30,000 ரூபாய் போல.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே முதல் வழக்கு. நம் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது என்பது உங்களுக்குத் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்து 19 வருடம் ஆனாலும் வீட்டின் சட்டம் மாமியின் கையில்தான். பெட்டிக்குள் என்ன என்று தெரிந்ததும் மாமி என்னிடம் சொன்னது இது: "மருமகன், இந்த வீட்டுல ஓதுற சத்தம்தான் இதுவரைக்கும் கேட்டது. இனியும் அதுதான் கேட்கணும்."

நான் வாதாடவில்லை. அவரது வீடு, அவரது ஈமான். மகன்தான் போய்ப் பக்கத்தில் இருந்து பேசினான். "உம்மும்மா, நான் வாசிக்கவா கேட்கிறேன்? செய்யத்தானே கேட்கிறேன்." கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. வேலை முழுவதும் பின் விறாந்தையில். வீட்டுக்குள் ஸ்பீக்கர் வராது. பாங்கு சொன்னால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழும்ப வேண்டும். மாமி இன்றுவரை அதில் ஒரு சொல்லைக்கூடத் தளர்த்தவில்லை, நாங்களும் மீறவில்லை.

இனி முதலாவது கேள்வி. பெட்டிக்குள் இருந்தவை: ஒரு மர உடல், ஒரு கழுத்து, ஆறு முறுக்காணிகள், பிரிட்ஜ், இரண்டு பிக்கப், ஒரு சுவிட்ச், ஒலியையும் தொனியையும் கூட்டிக் குறைக்க இரண்டு மாறுந் தடையிகள், கொஞ்சம் வயர், ஒரு பை நிறைய ஸ்குரூ, ஆறு கம்பிகள். செய்முறை என்று ஒரு தாள் இருந்தது. அதில் எழுத்தே வாசிக்க முடியவில்லை.

இப்படிப் பகுதிகளாக விற்கக்கூடிய கிட்டார் எப்படி வந்தது என்பதே ஒரு நல்ல கதை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புல்லர்டன் என்ற ஊரில் 1938ல் லியோ பென்டர் என்பவர் ரேடியோ திருத்தும் கடை திறந்தார். 1950ல் அவரது பட்டறையிலிருந்து வெளிவந்த திண்மையான உடல் கொண்ட கிட்டார்தான் அடுத்த வருடம் டெலிகாஸ்டர் என்ற பெயர் பெற்றது. அதுவரைக்கும் கிட்டார் என்றால் பெரும்பாலும் பக்குவமாக வளைத்து ஒட்டிய வெற்றுப் பெட்டி. கழுத்து கோணினால் கைதேர்ந்தவர் ஒருவர் பிரித்துச் செய்ய வேண்டும். பென்டர் அதை ரேடியோக்காரன் கண்ணால் பார்த்தார். ஒரு பலகை, ஒரு கழுத்து, நான்கு ஸ்குரூ. பழுதானால் கழற்று, புதிதைப் பூட்டு. இதில் மகனுக்கு மிகவும் பிடித்த விசயம், அந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்பது. "அப்ப உம்மும்மா எனக்குச் சொன்ன மாதிரித்தான் வாப்பா, அவரும் செய்ய மட்டும்தான் செய்திருக்கார்" என்றான்.

கிட் வாங்குகிறவர்கள் பலர் நினைப்பது, இதெல்லாம் ஒரு நாள் வேலை, ஸ்குரூவை முறுக்கினால் முடிந்தது என்று. பூட்டுவது ஒரு நாள் வேலைதான். ஆனால் மரம் வெறும் மரமாக வருகிறது. அதைத் தேய்த்து, நிறமூட்டி, மேற்பூச்சுப் பூசி, மினுக்கி எடுப்பதற்கு எங்களுக்கு ஏழு கிழமை போனது.

உடல் பாஸ்வூட் என்ற வெளிறிய மரம். நம் ஒழுங்கையில் இருக்கும் ஓடாவியாரிடம் கொண்டு போய்க் காட்டினோம். தேக்கிலும் முதிரையிலும் கை பழகிய மனிதர். பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார், தழும்பு விழுந்தது. "இது மரமா மகன், பாணா?" என்று சிரித்தார். பிறகு அவரே சொன்னார்: மெதுவான மரத்தில் வேலை செய்கிறவனுக்குக் கை மெதுவாக வேண்டும், பலகைத் துண்டில் சேண்ட்பேப்பரைச் சுற்றித் தேய், விரலால் தேய்த்தால் குழி விழும், ரேகை போகிற பக்கமே போ, குறுக்கே போகாதே.

120 இலக்கத் தாளில் தொடங்கி 180, 240, 320 என்று ஏறினோம். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை எடுத்துவிட்டுத் தன் சிறிய கீறலைப் போடுகிறது, அவ்வளவுதான் விசயம். ஒரு படியைத் தாண்டினால் அந்தக் கீறல் அப்போது தெரியாது. நிறம் போட்ட பிறகுதான் தெரியும், அப்போது எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும். இடையில் ஈரத் துணியால் ஒரு முறை துடைக்க வேண்டும். படுத்திருந்த நார்கள் நீரை உறிஞ்சி எழும்பும். காய்ந்ததும் அவற்றைத் தேய்த்து எடுத்தால் பிறகு பூச்சுப் போடும்போது எழும்பாது.

வகுப்பில் 40 நிமிடப் பாடத்தில் நான்கு முறை ஜன்னலைப் பார்க்கிற பிள்ளை, அஸர் தொழுதுவிட்டு வந்து மஃரிப் வரைக்கும் ஒரே மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் கதிரை போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். அதிகம் பேசுவதில்லை. சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பான். "கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியுது வாப்பா" என்பான்.

நிறத்துக்குக் கடையில் டப்பா வாங்கவில்லை. துருப்பிடித்த ஆணிகளை ஒரு போத்தல் தென்னை வினாகிரியில் ஒரு கிழமை ஊறப் போட்டோம். இரும்பு கரைந்து இரும்பு அசற்றேற்று ஆகும். மற்றப் பக்கம் கடும் சாயத் தேத்தண்ணி. தேயிலையில் இருக்கும் தனின் இரும்புடன் சேர்ந்தால் கருநிறமாகும். மரத்தில் முதலில் தேயிலைச் சாயத்தைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் வடித்தெடுத்த வினாகிரிக் கரைசலைப் பூச வேண்டும். சில மரங்களில் தனின் இயற்கையாகவே நிறைய உண்டு, பாஸ்வூட்டில் மிகக் குறைவு. அதனால்தான் தேயிலை தேவைப்படுகிறது. பல நூற்றாண்டுகள் உலகம் எழுதிய மையின் சூத்திரமும் இதுதான், இரும்பும் தனினும். பழைய அறபுக் கையெழுத்துப் பிரதிகளிலும் இந்த வகை மை உண்டு.

அந்தத் தேத்தண்ணியைக் காய்ச்சித் தந்தது மாமி. நாங்கள் கேட்கவில்லை. மகன் குசினியில் தண்ணீரையும் தேயிலையையும் அளந்து தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "தள்ளு, இதுக்கு இந்தத் தூள் காணாது" என்று சட்டியை வாங்கிக்கொண்டார். கரைசல் பூசிய சில நிமிடத்தில் வெளிறிய மரம் எங்கள் கண் முன்னால் சாம்பலாகி, பிறகு கறுத்தது. மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அடுத்த நாள் இரண்டாவது பூச்சுக்கும் சட்டி தயாராக இருந்தது.

அதற்கு மேல் சீலர், அதற்கு மேல் தெளிந்த லெக்கர். இங்கேதான் நம் ஊர்க் காலநிலை சோதித்தது. கச்சான் காற்று வீசும் காலம். பின் விறாந்தையில் பூசிய அரை மணிக்குள் மணல் தூள் ஒட்டிவிடும். பழைய நுளம்பு வலையை நான்கு பக்கமும் கட்டி அதற்குள் வைத்துப் பூசினோம். ஒரு நாள் பின்னேரம் பூசி முடித்த கையோடு எதிர்பாராத மழை. கறுப்பு உடல் முழுவதும் பால் ஊற்றியது போல வெள்ளைப் புகைச்சல் படர்ந்தது. மகன் முகம் செத்துப் போய்விட்டது. ஐந்து கிழமை உழைப்பு.

ஓடாவியார் வந்து பார்த்தார். அவசரப்படாதே, மூடி வை, வெயில் நாளில் தின்னரை மிக மெல்லிதாகக் காட்டு, போய்விடும் என்றார். அப்படியே போனது. ஏன் போனது என்பதை நான் மகனுக்குச் சொன்னேன். தின்னர் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அங்கே ஒடுங்கி, பூச்சுக்குள் சிக்கி வெண்மையாகத் தெரிகிறது. தின்னர் மறுபடி பூச்சை இளக்கினால் சிக்கிய ஈரம் வெளியேறிவிடும். ஓடாவியாருக்கு இந்த விளக்கம் தெரியாது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எனக்கு விளக்கம் தெரியும், தனியாக விட்டிருந்தால் அந்தக் கிட்டாரைக் காப்பாற்றி இருக்க மாட்டேன். இருவரும் ஒரே விறாந்தையில் நின்றதை மகன் பார்த்தான். அந்தக் காட்சிக்கு நான் ஒரு வருடப் பாடத்தைக் கொடுப்பேன்.

லெக்கர் நன்றாக இறுக ஒரு கிழமை விட்டு, 1000, 1500, 2000 இலக்கத் தாள்களைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் மினுக்கும் பசை. இப்போது அதில் முகம் பார்க்கலாம்.

அடுத்தது கணக்கு. எங்கள் கிட்டில் பிரிட்ஜுக்கு ஸ்குரூத் துளை இடப்படவில்லை. அதை நாமே அளந்து துளைக்க வேண்டும். துளைத்த பிறகு மாற்ற முடியாது. மேலே கம்பி தாங்கும் இடத்திலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் 648 மில்லிமீற்றர். பன்னிரண்டாவது பிரெட் அதன் சரி பாதியில், 324ல் நிற்க வேண்டும். அங்கே விரலை வைத்தால் கம்பியின் நீளம் பாதியாகும், மீடிறன் இரட்டிப்பாகும். நடுவில் இருக்கிற மற்ற பிரெட்கள் ஏன் சம தூரத்தில் இல்லை, ஏன் போகப் போக நெருங்குகின்றன என்று மகன் கேட்டான். "அளந்து பார்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு கொப்பியில் எழுதினான். முழு நீளம் 648. முதல் பிரெட்டிலிருந்து மிச்சம் 611.6. இரண்டாவதிலிருந்து 577.3. மூன்றாவதிலிருந்து 544.9. கழித்துப் பார்த்தான், ஒழுங்கு தெரியவில்லை. வகுத்துப் பார்த்தான். 648ஐ 611.6ஆல் வகுத்தால் 1.0595. 611.6ஐ 577.3ஆல் வகுத்தால் மறுபடி கிட்டத்தட்ட அதே எண். அடுத்ததும் அதே. "வாப்பா, இது பெருக்கல் விருத்தி!" என்று கத்திக்கொண்டு வந்தான். பரீட்சையில் அந்தக் கேள்வியை அவன் தொடவே இல்லை. அதே எண்ணைப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் சரியாக 2 வரும் என்பதைக் கல்குலேட்டரில் காட்டினேன். அன்றிரவு உறங்கப் போகும் வரைக்கும் அதை அழுத்திக்கொண்டிருந்தான்.

துளையிடும் நாள் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று முறை அளந்தான். கழுத்தின் இரு ஓரத்திலும் நூல் பிடித்து நேர் பார்த்தான். பிஸ்மில் சொல்லித் துளைத்தான். சரியாக இருந்தது.

பிறகு பிக்கப். இதுதான் எலக்ட்ரிக் கிட்டாரின் காது. ஆறு சிறிய காந்தங்கள், அவற்றைச் சுற்றி முடியை விட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக் கணக்கான சுற்று. மேலே உருக்குக் கம்பி அதிரும்போது சுருளுக்குள் காந்தப் பாயம் மாறுகிறது, மின் தூண்டப்படுகிறது. உயர்தரத்தில் பரடேயின் விதி என்று படிப்பிக்கிறோமே, அதேதான். பரடே அதைக் கண்டது 1831ல். சரியாக நூறு வருடம் கழித்து 1931ல் ஜோர்ஜ் பியூசாம்ப் என்பவர் அந்த விதியை வைத்து ஒரு கிட்டார் செய்தார். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதைத் தாச்சி என்றே அழைத்தார்கள். நைலோன் கம்பி போட்டால் இந்தக் கிட்டார் ஊமை. காந்தம் இழுக்கிற உலோகம் வேண்டும்.

பிக்கப்பின் மூடியைக் கழற்றி மாமியிடம் காட்டினான் மகன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மருதமுனையில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பத்து வயதிலிருந்து தன் வாப்பாவின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவர். "இது நூல் சுத்துறதுதானே" என்றார். "எத்தனை சுத்து?" எட்டாயிரம் அளவில் இருக்கும் என்றான். "அறாமச் சுத்தணும். ஒரே இழுவையில போகணும். இழுத்தா அறும், விட்டா தொங்கும்." பிக்கப் சுற்றுகிறவர்கள் சொல்வதும் அதைத்தான்.

அப்போது அவருக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அபிகேல் இபார்ரா. 1956ல் பென்டர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து பிக்கப் சுற்றியவர். ஐம்பது வருடத்துக்கு மேல் அதே வேலை. அவர் கையால் சுற்றிய பிக்கப் என்றால் இன்றைக்கு உலகத்தில் தேடி வாங்குகிறார்கள். மாமி கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ளைட பேர அதுல எழுதி இருக்கா?" ஆம், தன் பெயரின் முதலெழுத்துகளை அதில் இடுவார் என்றேன். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் சுற்றிய நூலில் எத்தனை சாரன் நெய்யப்பட்டு எத்தனை ஊருக்குப் போனது. அதில் எதிலும் அவர் பெயர் இல்லை.

வயர்களைப் பற்றவைத்ததும் மகன்தான். சந்தியில் போன் திருத்தும் தம்பி ஒரு நாள் வந்து சோல்டரிங் அயன் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். முதலில் இணைப்பைச் சூடாக்கு, பிறகு ஈயத்தைக் காட்டு, அயனில் ஈயத்தை உருக்கி ஒட்டாதே என்றார். உள்ளே குழிகளில் செப்புத் தாள் ஒட்டினோம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹேட்ஸ். அந்த இரைச்சல் எல்லாச் சுவரிலிருந்தும் பிக்கப்புக்குள் வருகிறது, செப்புத் தாள் அதில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. பிரிட்ஜிலிருந்து ஒரு புவி வயரும் போகிறது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கம்பியில் கை வைத்தால் இரைச்சல் அடங்குவதை நீங்களே கேட்கலாம்.

கடைசியாகக் கம்பி. ஆறும் சுருதிக்கு வந்ததும் கழுத்தை இழுக்கும் மொத்த விசை கிட்டத்தட்ட 40 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிமெந்துப் பைக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் கழுத்து முன்னால் வளையும். அதற்கு எதிராக உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் ஆணியைக் கால் சுற்று திருப்பி, ஓர் இரவு விட்டுப் பார்த்து, மறுபடி கால் சுற்று. மரம் பதில் சொல்ல நேரம் எடுக்கும். பாவு பூட்டிய பிறகு அதை விரலால் தட்டிப் பார்த்து இழுவை சரியா என்று சொல்லும் கிழவர்களை நம் ஊரில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகன் கம்பியைத் தட்டிப் பார்த்த விதம் எனக்கு அவர்களைத்தான் நினைவூட்டியது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "சேர், நீங்களுமா?"

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. நம் ஷாபிஈ மத்ஹப் உட்பட நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்களும் நரம்புக் கருவிகள் விசயத்தில் இறுக்கமாகவே பேசியிருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸ்களை ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் அல் பாராபி இசையைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். ஊத் கருவியில் விரல் வைக்கும் இடங்களை விகிதக் கணக்கால் விளக்கினார். அவர் எழுதியது ஹலாலுக்கு ஆதாரம் என்று நான் சொல்லவில்லை. விருத்திக் கணக்கும் கம்பியும் நம்மவர்களுக்குப் புதிதல்ல என்று சொல்கிறேன். நோன்பு இரவுகளில் பாவாமார் றபான் அடித்து நம்மை ஸஹருக்கு எழுப்பிய காலமும் நமக்கு மறந்துவிடவில்லை.

இறுக்கமான நிலைப்பாடு உள்ளவர்களை நான் மதிக்கிறேன். அவர்களில் ஒருவருடன் 19 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். மாமி தன் கருத்தை மாற்றவில்லை. கிட்டார் பின் அறையில் துணியால் மூடிக் கிடக்கிறது. மகன் ஹெட்போனில் மட்டும், அவர் காதுக்கு எட்டாமல் விரல் பழகுகிறான். வாசிப்பதை விட அவன் அதிகம் செய்வது கழற்றிப் பூட்டுவது. இந்த விசயத்தில் என்னுடன் உடன்படாதவர் என்னிடம் நேரே வந்து பேசலாம். என் மகனிடம் அல்ல.

பெறுபேறு வந்தது. கணிதத்துக்கு எஸ். விஞ்ஞானத்துக்கு சி. தொழினுட்பப் பாடத்துக்கு ஏ. "சேர்ட மகனுக்குக் கணிதத்தில எஸ்ஸா?" என்று கேட்டவர்கள் உண்டு. "கணிதமும் இல்ல, பயோவும் இல்ல, அப்ப மேசனாத்தான் போகணும்" என்று சொன்னவரும் உண்டு. அவர் கெட்ட மனிதர் அல்ல, கவலையில்தான் சொன்னார். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. 2004 திசம்பர் 26க்குப் பிறகு நம் கடற்கரை வீதிகளில் நாம் யாரைத் தேடி அலைந்தோம்? மேசனையும் ஓடாவியையும்தான். அதற்கு முந்தைய காலத்தில் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது யார்? குழிக்குள் கால் விட்டு இருந்து நெய்தவர்கள். மருதமுனைச் சாரன் என்றால் கொழும்பிலும் மதிப்பு. அந்தக் காசில்தான் நம் வாப்பாமார் ஆசிரியர் ஆனார்கள், நாம் பட்டதாரி ஆனோம். ஏறி வந்த ஏணியை இப்போது பிள்ளைகளிடம் காட்டி, "அங்க போயிடாத" என்று பயமுறுத்துகிறோம்.

உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013ல் இருந்து இருக்கிறது. அதிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். போகாவிட்டால் என்.வி.கியூ. சான்றிதழ் வழி இருக்கிறது. இதெல்லாம் பெற்றோர் கூட்டங்களில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம். தலையாட்டுவார்கள், பிறகு பிள்ளையை உயிரியல் வகுப்பில் கொண்டு வந்து இருத்துவார்கள். இரண்டு தரம் எழுதி மூன்றாம் தரமும் எழுதி, கடைசியில் விசா எடுக்கிற பிள்ளைகள் எத்தனை பேரை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஓடாவியாரின் பட்டறைக்கு இன்று பழக வருகிற ஒரு பையனும் இல்லை. அவருக்கு 67 வயது. மழைப் புகைச்சலை எடுக்கத் தெரிந்த கை நம் ஒழுங்கையில் அது ஒன்றுதான்.

என் மகன் பொறியியல் தொழினுட்பம் எடுத்திருக்கிறான். முடிவு அவனுடையது. எப்படிப் போவான் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கணிதம் இன்னும் அவனுக்குக் கஷ்டம்தான், துறைக்குத் தேவையான கணக்கை நாங்கள் இரவில் இருந்து செய்கிறோம். இப்போது பள்ளியில் இரண்டாம் வரிசையில் நிற்கிறான். யாராவது பிடித்து நிறுத்திக் கேட்டால் நின்று பதில் சொல்கிறான்.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓ/எல் முடிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கிட்டார் கிட் வாங்க வேண்டியதில்லை. பழைய ரேடியோ, உடைந்த கதிரை, தையல் மெசின், எதுவும் போதும். முடிக்கப் பல கிழமை எடுக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் இருங்கள். எங்களிடம் மிஞ்சிய சேண்ட்பேப்பரும் சோல்டரிங் அயனும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அஸருக்குப் பிறகு எங்கள் பின் விறாந்தை திறந்திருக்கும். ஓடாவியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேத்தண்ணி மாமியின் பொறுப்பு.

மகனுக்காகவும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.